இதனைத் தொடர்ந்து என்று நான் எழுதியது

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதற்கு எந்த மருந்துக்கடையிலும் குளிசை இல்லை. ஒரு வசனம் முடிந்து அடுத்த வசனம் தொடங்குகிற இடம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குக் கை உளையும். அதில் ஓர் ஆகவேயையோ ஓர் எனினுமையோ கொண்டுபோய் வைத்தால்தான் மனம் ஆறும்.

பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உடுவிலில் இருந்து பஸ் ஏறிப்போய்ப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டிலில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். பழக்குகிறேன் என்பது என்னுடைய சொல். பிள்ளைகளைப் பழுதாக்குகிறேன் என்பது என் கணவரின் கட்சி.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வகுப்பு தொடங்கிய முதல் நாளே இணைப்புச் சொற்களைப் பலகை நிறைய எழுதிப் போடுவேன். கூட்டிச் சொல்ல மேலும், அன்றியும். மாற்றிச் சொல்ல எனினும், ஆயினும், மாறாக. முடித்துச் சொல்ல எனவே, ஆகவே, சுருங்கக் கூறின். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு போலப் பாடமாக்கிக்கொண்டு கண்ட இடமெல்லாம் தூவுவார்கள். ‘எனது அம்மா மிகவும் நல்லவர். எனினும் எனது அப்பாவும் நல்லவர்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இந்த எனினும் எங்கேயிருந்து வந்தது என்று அதட்டினேன். கட்டுரையில் பந்திக்கு ஓர் எனினும் வரவேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றது பிள்ளை. கொப்பியைத் திறந்தும் காட்டியது. சொன்னது நான்தான். வேறு வழியில்லாமல் சரி போட்டுக் கொடுத்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், ‘அங்கே மழை என்று அறிந்தேன். ஆகவே குடை கொண்டு செல்லவும். மேலும், சாப்பிட்டாயா?’ என்றுதான் என் விரல் போகிறது. அவள் அதைத் தன் சிநேகிதிகளுக்குக் காட்டிச் சிரிப்பாளாம். என் கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் வைத்திருக்கிறார். என் கட்டுரை எதையாவது வாசிக்கக் கொடுத்தால் கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு, “இஞ்சாரும், உம்மடை மூட்டையிலை சாமானைவிடக் கட்டின கயிறு கூட” என்பார். வெங்காயத்துக்கு ஊற்றுகிற தண்ணீரைக்கூட அளந்து ஊற்றுகிற மனுசன். அவருக்கு இலக்கியம் விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த வருத்தத்துக்கு ஏற்ற தொழில் ஒன்றும் தானாகவே வந்து வாய்த்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். கல்லில் பொறிக்கிற சங்கதி அல்ல, அச்சடித்த சிறு புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தோத்திரப் பாடல்கள், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் உறவுமுறை விபரமும் நன்றி நவிலலும். அன்று சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வாங்கியவர் முதலில் தன்னுடைய பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் இறந்தவரைப் பார்ப்பார். பெயர் விடுபட்டதால் நன்மை தின்மைக்குப் போகாமல் விட்ட குடும்பங்கள் இங்கே உண்டு. கல்வெட்டில் இருந்தால்தான் உறவு. மற்றதெல்லாம் தெரிந்த முகம்.

அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதுவதில் உடுவில், இணுவில் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர். ரீச்சர் எழுதினால் வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள். போகாமல் என்ன செய்யும்? உத்தியோகமும் கலியாணமும் சந்திக்கிற இடத்தில் ‘இவ்வாறு கடமையாற்றி வரும் நாளில்’ என்று போடுவேன். கலியாணத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ‘இல்லறத்தின் பயனாக’. எல்லாம் முடிந்து நோய் வந்து நிற்கிற இடத்தில் ‘இதனைத் தொடர்ந்து’. அளவெடுக்காமல் தைத்த சட்டை போல அது எந்த உயிருக்கும் பொருந்தும். ஊரையே நடுங்கவைத்த ஒரு கோபக்காரரின் வாழ்க்கையைக்கூட எவரும் இடறி விழாமல் கடந்துபோகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு அவருடைய மனைவியே, உவர் ஆர் என்று கேட்டாராம். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அண்மையில் இணுவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் காலமானார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் கனடாவில், கடைசி மகன் லண்டனில். நடுவில் பிறந்த மகள் என்னிடம் படித்த பிள்ளை. கம்பஸ் போன இடத்தில் குருநகர்ப் பெடியன் ஒருவனை விரும்பிக் கட்டினாள். அவர்கள் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பம். இவர்கள் வெள்ளி செவ்வாய் தவறாமல் கந்தசுவாமி கோயிலுக்குப் போகிற தோட்டம் செய்து வந்த சைவக் குடும்பம். கலியாணம் தேவாலயத்தில் நடந்தது. தகப்பன் போகவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் மகளுக்கும் கதை பேச்சு இல்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. செத்த வீட்டுக்கு அவள் வந்தாள், பெண்களோடு இருந்து அழுதாள், போனாள். ஆனால் மரண அறிவித்தலில் அவளுடைய பெயரும் இல்லை, புருசனுடைய பெயரும் இல்லை, நாலு வயதுப் பேத்தியின் பெயரும் இல்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கையோடு அவள் ஸ்கூட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். இரு என்றேன், இருக்கவில்லை. தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள்.

“அண்ணை உங்களிட்டைத்தான் கல்வெட்டு எழுதத் தருவார், ரீச்சர். அதிலை எண்டாலும் எங்கடை பேர் வரப் பாருங்கோ. எனக்கு இல்லாட்டியும் பறவாயில்லை. பிள்ளை வளந்து தாத்தாவின்ரை புத்தகத்தைப் பாக்கேக்கை, தான் ஆரெண்டு தேடக் கூடாது.”

கண் கலங்காமல்தான் சொன்னாள். எனக்குத்தான் மனம் இளகியது. மனம் இளகினால் மற்றவர்கள் அழுவார்கள். நான் பிரசங்கம் செய்வேன். பெயர் வரும், வந்தே தீரும், எழுதுகிறவள் நான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு கணவர் தோட்டத்தில் இருந்து எட்டிப் பார்த்து, சொன்னதை நிறைவேற்றும் வழியைப் பாரும் என்றார்.

மூத்த மகன் மறுநாளே வந்தார். நாற்பதை எட்டுகிற வயது, கனடாவின் குளிரில் வெளுத்த முகம், தூக்கம் இல்லாத கண். தகப்பனின் விபரங்களை எல்லாம் கைபேசியில் ஒழுங்காகத் தட்டி வைத்திருந்தார். பிறந்த ஊர், படித்த பள்ளி, மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்த தபால் கந்தோர்கள், கோயில் திருப்பணி. மனுசன் தகப்பனில் உயிரை வைத்திருந்தது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. தங்கச்சியின் இடம் வந்ததும் குரல் சுருங்கியது. அதை ஒரு வசனத்தோடு விட்டுவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. பெயர்கள் வரவேண்டும், மருமகனும் பேத்தியும் வரவேண்டும் என்று அடம்பிடித்தேன். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, அம்மாவும் அதைத்தான் சொல்லுறா, போடுங்கோ என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே இருந்து எழுதினேன். பேனை தானாக ஓடியது. பிறந்தார், படித்தார், இவ்வாறு கடமையாற்றி வரும் நாளில் மணந்தார், இல்லறத்தின் பயனாக மூவரைப் பெற்றார். மகளின் இடத்தில் பெயர்கள் எல்லாவற்றையும் முழுதாகப் போட்டேன். இன்னாரைத் தம் விருப்பின்படி கரம்பற்றினார், அவர்களுக்கு இன்ன பெயரில் ஒரு பெண் மகவு உண்டு என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். மூத்தவர் தந்த குறிப்பில் அதற்கு அடுத்தது தகப்பனின் நோய். இரண்டுக்கும் நடுவே வெறும் இடம். கை உளைந்தது. வழமையான மருந்தைப் போட்டேன். ‘இதனைத் தொடர்ந்து அன்னாரின் உடல்நலம் படிப்படியாகக் குன்றலாயிற்று.’

அதைப் படம் எடுத்து, மூத்தவர் என்னையும் சேர்த்துவிட்ட அவர்களுடைய வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். கனடாவில் மூத்தவரின் வீட்டாரிடமிருந்தும் லண்டனில் கடைசி மகனிடமிருந்தும் கும்பிட்ட கைகளும் பெருவிரல்களும் வந்து விழுந்தன. மகள் அந்தக் குழுவில் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெருவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு மூத்தவரிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அதை நான் இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு, கணவரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். என் பெருமையை அவரும் ஒருமுறை காதால் கேட்கட்டுமே.

“ரீச்சர், ஆரையும் ஏசாமல் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டியள். அவளாலைதான் அப்பா போனவர் எண்டு வாசிக்கிற சனத்துக்கு விளங்கும். நாங்கள் வாயாலை சொன்னால் சண்டை. உங்கடை எழுத்து எண்டால் எழுத்துத்தான்.”

கணவர் கையில் மண்ணோடு நின்று கேட்டார். நக்கல் ஒன்றும் வரவில்லை. அவரிடமிருந்து நக்கல் வராத நேரம் நல்ல நேரம் இல்லை என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியும். “அந்தப் பிள்ளைக்கும் ஒரு புத்தகம் குடுப்பினம், என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்போதுதான் நான் எழுதியதை நானே வாசித்தேன். அதுவரை அதை எழுதியிருந்தேன், வாசிக்கவில்லை. பெயர் கேட்டு வந்த பிள்ளைக்கு முழுப் பெயரையும் கொடுத்து, அதற்குக் கீழே தகப்பனைக் கொன்றவள் என்று கையெழுத்தும் வைத்துவிட்டேன். அந்தப் பேத்தி வளர்ந்து தாத்தாவின் புத்தகத்தைத் திறந்தால் தான் யாரென்று தேட வேண்டியதில்லை. தாத்தா ஏன் செத்தார் என்பதும் சேர்த்தே தெரிந்துவிடும்.  இத்தனைக்கும் நான் நினைத்தது ஒன்றுமில்லை. நினைக்காமல் எழுதியதுதான் பிழை என்றால், இதுவரை எழுதிக் கொடுத்த கல்வெட்டுகளில் யார் யாரை நான் கொலைகாரர் ஆக்கினேனோ என்ற பயமும் பிடித்தது.

சரி, ஒரு சொல்தானே, வெட்டுவோம் என்று இருந்தேன். வெட்டினேன். ‘கரம்பற்றினார். அன்னாரின் உடல்நலம் குன்றலாயிற்று.’ முன்னதைவிட மோசமாக இருந்தது. சொல் போனது, பொருள் போகவில்லை. நான் வைக்காவிட்டால் இணுவில் தன்னுடைய ‘அதனால்’ஐ வைத்துக்கொள்ளும். ‘இதற்கிடையில்’ போட்டுப் பார்த்தேன். தகப்பன் துடிக்கத் துடிக்க மகள் ஓடியது போல வந்தது. ‘மறுபுறம்’ போட்டேன். வானொலிச் செய்தி போல இருந்தது. ‘அது அவ்வாறிருக்க’ என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நோயை முன்னுக்குக் கொண்டுபோய்க் கலியாணத்தைப் பின்னுக்கு வைத்தேன். நோயாளித் தகப்பனை விட்டுவிட்டுப் போன பாதகி என்றாயிற்று. பலகை நிறையச் சொல் எழுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், இரண்டு வசனத்துக்கு நடுவே வைக்க ஒரு நேர்மையான சொல் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

நோய் கலியாணத்தால் வந்தது அல்ல என்பது எனக்கே தெரியும். அந்தப் பிள்ளை பாடசாலையில் படிக்கிற காலத்தில் பெற்றோர் கூட்டத்துக்குத் தகப்பன் வருவார். சீனி போடாத தேத்தண்ணீர்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார். நீரிழிவு அப்போதே இருந்தது. அந்தத் தைரியத்தில் மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“சீனி வருத்தம் முதலே இருந்ததுதான், ரீச்சர். ஆனால் அதுக்குப் பிறகுதான் கூடினது.”

அதுக்குப் பிறகுதான். என் கையில் இருந்ததை நான் வெட்டலாம். அவருடைய நெஞ்சில் இருந்ததை என்ன செய்வது? தூரத்தில் இருந்து, தகப்பனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாமல் போன பிள்ளை அவர். துக்கத்தை இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் அந்த இடத்தை அச்செழுத்தில் செய்து கொடுத்திருந்தேன். நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், சின்னத் திருத்தம் என்றால் செய்யுங்கோ, பெருப்பிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலையில் இணுவிலுக்குப் போனேன். மூத்தவர் ஐயரைப் பார்க்கப் போயிருந்தார். தாய் உள்ளறையில், புருசனின் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெட்கத்தை விட்டு, எங்கே பிழைத்தேன் என்பதையும் சொன்னேன். எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை அக்கா என்றேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுச் சம்பந்தம் இல்லாமல் ஒன்று சொன்னார்.

“வெள்ளிக்கிழமையிலை அவர் குருநகருக்கு மீன் வாங்கப் போறவர்.”

துக்கத்தில் மனுசிக்குக் கிழமை மாறிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மீன் சட்டி அடுப்பில் ஏறாது. அந்த வீட்டில் அதைக் கையால் தொடவும் மாட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எனக்குக் கிழமை தெரியும், ரீச்சர். மீன் வேணுமெண்டால் பக்கத்திலை, மருதனார்மடச் சந்தையிலை இல்லையோ? இவர் வெள்ளிக்கிழமை விடியவே பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். வெறும் பையோடை வருவார். மீன் சரியில்லை எண்டுவார். நானும் ஓம் எண்டுவன்.”

பிள்ளையின் வீட்டுக்கா போனீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லையா என்றேன்.

“கேட்டிருந்தால் அடுத்த கிழமை போயிருக்க மாட்டார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. அதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். ஆனால் நான் வாயைத் திறந்து, பாசத்தால் உந்தப்பட்டு என்று ஏதோ தொடங்கியதும் கையைக் காட்டி மறித்தார். விளக்கம் ஒன்றும் வேண்டாம், போனவர் என்று மட்டும் எழுதுங்கோ, மிச்சம் சனத்துக்கு விளங்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத இருந்தேன். நான் பட்ட பாட்டை ஆண்டவன் அறிவான். முதலில், ‘இருப்பினும் தந்தையுள்ளம் தணியாததால், ஊரறியாவண்ணம், வெள்ளிதோறும்’ என்று அரைப் பக்கம் ஓடியது. வெட்டினேன். ‘இருப்பினும்’ மட்டும் இருக்கட்டுமே என்று கெஞ்சியது கை. அதையும் வெட்டினேன். குடிகாரன் போத்தலை ஒளித்து வைக்கிற மாதிரி வசனத்தின் நடுவில் ஓர் ‘எனினும்’ஐச் செருகிப் பார்த்தேன். அதையும் வெட்டினேன். கடைசியில் கலியாணத்துக்கும் நோய்க்கும் நடுவில் இது மட்டும் நின்றது: ‘வெள்ளிக்கிழமைகளில் பையும் கையுமாகக் குருநகர் மீன் சந்தைக்குப் போய் வருவார்.’ அதற்கு அடுத்த வசனத்தில், உத்தியோக காலத்திலேயே தொடங்கிய நீரிழிவு முதுமையில் கடுமையாகியது என்று உள்ளதை எழுதினேன். முன்னாலும் ஒரு சொல் இல்லை, பின்னாலும் ஒரு சொல் இல்லை. சீலை இல்லாமல் சந்தியில் நிற்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூத்தவருக்கும் பிடிக்கவில்லை. அப்பா மீன் வாங்கினது ஒரு வரலாறோ என்று கேட்டார். கோயில் திருப்பணிக்குப் பிறகு மீன் சந்தை வருவது வடிவில்லை என்றார். அதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் சொல்லவில்லை. தாய் பக்கத்தில் இருந்து, “அது கிடக்கட்டும், தம்பி” என்றாராம். தாயின் ஓர் ஆசை என்று நினைத்து விட்டுவிட்டார். பந்தல், சமையல், ஐயர், வாகனம் என்று தலைக்கு மேல் வேலை. கிழமையை அவர் கவனிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலையில் கிரியை முடித்து வந்து, வீட்டுப் படையலும் முடிந்தது. முற்றத்துப் பந்தலில் சனம் நிறைந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு முன்னர் மூத்த மகன் வரலாற்றை வாசிப்பது வழக்கம். நான் முன் கதிரையில், கணவருக்குப் பக்கத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை போல இருந்தேன். மகள் வந்திருந்தாள். பெண்களுக்குப் பின்னால், குசினிப் பக்கமாக இருந்தாள். அவளுடைய புருசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு வெளியே, ரோட்டோரம் நின்றான். அவனை வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மூத்தவர் நல்ல குரலில் வாசித்தார். என் ‘இவ்வாறு கடமையாற்றி வரும் நாளில்’ பந்தலில் கணீரென்று விழுந்தது. சனம் விசிறிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் பெயரையும் அவள் புருசனின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் வேகமாகக் கடந்தார். வெள்ளிக்கிழமைகளில் பையும் கையுமாக என்று வாசித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்கும் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் இருந்த ஒரு மனுசி மெதுவாக, “வெள்ளிக்கிழமையோ?” என்றார். இன்னொருவர் குருநகருக்கோ என்றார். ஆண்கள் பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். விசிறிகள் நின்றன. பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குசினிப் பக்கம் திரும்பின. மூத்தவர் வாசிப்பதை நிறுத்தினார். எதைப் பிழையாக வாசித்தேன் என்று தேடுகிறவர் போலப் பக்கத்தில் மேலே போனார். அந்த வசனத்தை மறுபடி, இந்த முறை தனக்காக, உதடு அசைய வாசித்தார். பிறகு தாயைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையோ அம்மா?”

“ஓம், தம்பி. ஒவ்வொரு வெள்ளியும்.”

அவர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார். கலியாணத்துக்குப் பிறகு அவளோடு அவர் கதைத்த முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன். 

“உன்ரை வீட்டையோ வந்தவர்?”

அவள் எழும்பி நின்றாள். “உள்ளுக்கு வரமாட்டார், அண்ணை. வாசலடியிலை நிண்டு பிள்ளையைப் பாப்பார். உள்ளுக்கு வாங்கோ அப்பா எண்டு கூப்பிட்டால், மீன் பழுதாப் போயிடும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார். பையிலை மீன் இருக்காது.”

 தாய் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மூத்தவர் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் பந்தலுக்குள்ளால் நடந்தார். வழியில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். அவர் தங்கச்சியிடம் போகவில்லை. நேரே கேற்றடிக்குப் போனார். வெளியே நின்றவனைப் பார்த்து, “ஏன் உதிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ, மச்சான்” என்றார். பிள்ளைக்குக் கையை நீட்டினார். பிள்ளை தகப்பனின் முகத்தைப் பார்த்தது, பிறகு தாவியது.

நான் வாய்விட்டு அழுதேன். கணவர் தன் சால்வைத் தலைப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. வெங்காயம் என்று சொல்ல அங்கே வழியில்லை.

வரலாற்றில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. மிக நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நான் நம்பிய பக்கம் அது. அதில் ஓர் ‘இவ்வாறாக’வும் இரண்டு ‘ஈற்றில்’உம் உண்டு. அதை வாசிக்க ஒருவரும் திரும்பி வரவில்லை. புத்தகம் கதிரையிலேயே கிடந்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் மனத்தாங்கல் இல்லை என்று எழுதினால் அது பொய். பந்தியில் மச்சானை மூத்தவர் தனக்குப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட்டார். பிள்ளை தாய்மாமனின் மடியில் இருந்து அப்பளத்தை நொறுக்கியது. தபாலதிபர் எதனால் நோயுற்றார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.